சிவப்பு நூல் கட்டிய தேரை

கல்லூரிகளில் தவளை அறுப்பது நின்றுபோய்விட்டது. மெழுகு ஊற்றிய தட்டுகளையெல்லாம் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டதாக, நான் கடைசியாக வேலை பார்த்த கல்லூரியிலிருந்து ஒரு பெண் போன் செய்து சொன்னாள். இப்போது அங்கே விலங்கியல் பாடம் எடுக்கிறவள். "மேடம், உங்களுக்கு இதுல சந்தோஷமா, வருத்தமா?" என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்றேன். "நான் பொழைச்சது தவளையை அறுத்து இல்லைம்மா. அது உயிரோட என்ன பண்றதுன்னு பார்த்து." அப்படியானால் அதை எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டாள். வாயைக் கொடுத்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் எழுதப்போவது தவளையைப் பற்றிக்கூட இல்லை, தேரையைப் பற்றி. தவளைக்கு வழவழத்த தோல், தண்ணீரை விட்டு அதிக தூரம் போகாது. தேரை சொரசொரப்பு. சுவரோரம், சாக்கடையோரம் என்று தரையில் திரியும். மழை பிடித்தால்தான் குட்டையைத் தேடிப் போகும். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். எல்லாவற்றையும் தவளை என்பார்கள். நானும் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன்.

அறுபதுகளின் நடுவில், எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, பம்பாயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். மாட்டுங்காவில் எங்கள் வீடு. அப்பா ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. நான் பேங்க் வேலைக்குப் போவேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் தேரை பிடிக்கப் போகிறேன் என்றதும் அம்மா, "அந்தக் கையோட சமையல் உள்ளே காலை வெச்சே, பார்த்துக்கோ" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். வேலை பார்த்த அத்தனை வருஷமும் வாசலிலேயே கையை நீட்டுவேன், அம்மா சொம்புத் தண்ணீரை ஊற்றுவாள், நேரே குளியலறை. சண்டை அதோடு சரி.

ஆஸ்பத்திரியில் தேரைக்கு என்ன வேலை என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். கர்ப்பம் தரித்திருக்கிறதா என்று இன்று மருந்துக்கடையில் வாங்கும் ஒரு சின்னப் பட்டை சொல்லிவிடுகிறது. அப்போது தேரைதான் சொல்ல வேண்டும். பெண்ணின் காலைச் சிறுநீரைக் கொஞ்சம் எடுத்து ஆண் தேரையின் முதுகுத் தோலுக்கு அடியில் ஊசியால் ஏற்றுவோம். அவள் கர்ப்பமாக இருந்தால் அந்தச் சிறுநீரில் உள்ள ஒரு சத்து, இணை சேரும் காலம் வந்துவிட்டது என்று தேரையின் உடம்பை நம்பவைத்துவிடும். சில மணி நேரம் கழித்துத் தேரையின் சிறுநீரில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் விந்தணுக்கள் நெளியும். அவள் கர்ப்பம் இல்லையென்றால் சொட்டு தெளிவாக இருக்கும். தேரைக்கு ஒரு கெடுதலும் இல்லை. தொட்டியில் விட்டு ஓய்வு கொடுத்தால் திரும்பவும் வேலைக்கு வரும்.

ஆண் எது, பெண் எது என்று கண்டுபிடிப்பதற்கும் ஒரு வழி உண்டு. முன்னங்கால்களுக்குக் கீழே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து லேசாக அழுத்த வேண்டும். ஆண் உடனே 'கிர்ரிக் கிர்ரிக்' என்று கத்தும். கூட்டத்தில் ஓர் ஆண் தவறிப்போய் இன்னோர் ஆணின் முதுகில் ஏறினால், 'விடு, நானும் ஆண்தான்' என்று சொல்வதற்காக ஏற்பட்ட சத்தம் அது. பெண் கத்தாது. சும்மா இருக்கும். நான் சேர்ந்த முதல் வாரம் முழுக்க எனக்கு அந்த வேலைதான்.

அதைச் சொல்லிக்கொடுத்தவர் பாயி. மராத்திக்காரர்கள் டீச்சரம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். ஆய்வுக்கூடத்தின் தலைவி. வெள்ளைப் பருத்திப் புடவை, கண்ணாடி, கல்யாணம் செய்துகொள்ளாதவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் எதையாவது சொன்னால் ஒரே கேள்விதான் கேட்பார்: "பகித்லஸ் கீ வாட்ல?" பார்த்தாயா, தோன்றியதா? தோன்றியது என்றால் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'இந்தம்மாவுக்கு வேற கேள்வியே தெரியாதா' என்று ரயிலில் பொருமிக்கொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறேன். பிறகு என்னையே நான் அப்படிக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிப் பரிசோதனை எங்களுக்குச் சோறு போட்ட வேலை. பாயியின் மனசெல்லாம் செம்பூரில் ஒரு குட்டையில் இருந்தது. அந்தக் குட்டைக்கு எந்தத் தேரை எப்போது வருகிறது, எதற்கு ஜோடி கிடைக்கிறது, அடுத்த வருஷமும் அதே குட்டைக்கே வருகிறதா என்று அவர் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததும் அந்த வேலையில் பாதி எனக்கு வந்தது. முதல் மழை விழுந்ததும் மறுநாள் விடியற்காலை முதல் வண்டியைப் பிடித்து, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கி நடப்பேன். அந்த மழையில் குட்டை முழுக்கத் தேரையாக இருக்கும். பெண்ணின் முதுகில் ஆண் ஏறி அக்குளைக் கட்டிக்கொண்டு விடாமல் உட்கார்ந்திருக்கும். பெண் முட்டையிட இட, ஆண் அதன்மேல் விந்தை விடும். முட்டைகள் கறுப்பு மணிகளை வழவழத்த கயிற்றில் கோத்ததுபோல நீளமாக வந்து புல்லில் சுற்றிக்கொள்ளும்.

ஆண் தேரைகளின் இடுப்பில் நான் தையல் நூல் கட்டுவேன். தனியாக இருந்து கத்துகிறவற்றுக்கு வெள்ளை நூல், ஜோடி சேர்ந்து பார்த்தவற்றுக்குச் சிவப்பு நூல். இறுக்கக் கூடாது. மழைக்காலம் முடிவதற்குள் திரும்பப் பிடித்து அவிழ்த்துவிட வேண்டும், இல்லையென்றால் தோலை அறுத்துவிடும். இதில் பாயி மகா கண்டிப்பு.

இப்போது இசக்கி என்ற பெண்ணின் கதைக்கு வருகிறேன்.

அந்த வருஷம் முதல் மழை கொட்டி, நான் குட்டையில் நூல் கட்டிவிட்டு வந்ததற்கு மறுநாள். அன்று காலையும் குட்டைக்குப் போய்விட்டு, முழங்கால் வரை சேற்றோடு மத்தியானம் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தேன். பரிசோதனை முடிந்த தேரைகளை ஓய்வுக்கு விடும் தொட்டியைக் கடந்து போனபோது கண்ணில் சிவப்பாக ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன். ஒரு தேரையின் இடுப்பில் என் சிவப்பு நூல்.

"சாவந்த் பாவ், இது எப்படி இங்க வந்தது?" என்று கேட்டேன். சாவந்த் எங்கள் டெக்னீஷியன், நல்ல மனுஷர்; மராத்தியில் பாவ் என்றால் அண்ணன். "இன்னிக்கு காலைல ஊசி போட்டதுல ஒண்ணு. நூலை நீங்கதான் ஏதோ அடையாளத்துக்குக் கட்டியிருக்கீங்கன்னு நினைச்சேன்" என்றார்.

"இது ஜோடியோட இருந்தது. நான் பார்த்தேன். இதுக்கு ஊசி போட்டாலும் போடாட்டாலும் காட்டுமே!"

சாவந்தின் முகம் மாறியது. ஒரு பெண்ணுக்கு இரண்டு தேரைகள் வைப்பது எங்கள் வழக்கம். இரண்டில் ஒன்று காட்டினாலும் 'உண்டு' என்று சொல்லிவிடுவோம், ஏனென்றால் தேரை சில சமயம் மந்தமாக இருந்து உள்ளதையும் காட்டாமல் விட்டுவிடும். அன்று சிவப்பு நூல் தேரை காட்டியிருக்கிறது, மற்றது காட்டவில்லை. 'உண்டு' என்று முடிவு போய்விட்டது.

எப்படி நடந்தது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. எங்களுக்குத் தேரை பிடித்துத் தருகிறவர் காதர் என்பவர். தாராவிக்காரர். அவர் கொண்டுவரும் சாக்கில் பாதி பெண்ணாக இருக்கிறது என்று, முந்தின வருஷம் பாயிதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார், ஜோடியாக இருந்தால் மேலே இருப்பதுதான் ஆண் என்று. மனுஷர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். நான் நூல் கட்டிவிட்டு வந்த அன்று சாயங்காலம் அதே செம்பூர் குட்டைக்குப் போய், மேலே இருந்தவற்றையெல்லாம் பிரித்தெடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்து, மறுநாள் காலையில் பழைய தேரைகள் இருந்த தொட்டியிலேயே கொட்டிவிட்டார். ஊசி போடுவதற்கு முன் ஒவ்வொரு தேரையின் சிறுநீரையும் பார்த்துவிட வேண்டும் என்பது பாயி போட்ட விதி. கோடையில் ஒன்றுகூடக் காட்டாது. பரிசோதனைக்கு வருகிற கூட்டமோ நெரிந்தது. அதனால் தொட்டிக்கு ஒன்று பார்த்தால் போதும் என்று அவரே தளர்த்தியிருந்தார். அன்று சாவந்த் எடுத்துப் பார்த்தது பழைய தேரை. அது தெளிவாக இருந்தது.

"மேல இருக்கிறது ஆம்பளன்னு அந்த அம்மாதானே சொன்னாங்க? நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று காதர் பாய் பிறகு என்னிடம் கேட்டார். அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை. சொன்னதைச் சரியாகச் செய்திருந்தார்.

நான் போய்ச் சொன்னதும் பாயி வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார். "பார்த்தாயா, தோன்றியதா?"

"பார்த்தேன் பாயி. சிவப்பு நூல் என் கையால கட்டினது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "விதியைத் தளர்த்தினது நான்" என்றார். அவ்வளவுதான். உடனே எழுந்து மகப்பேறு பிரிவுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

முடிவு டாக்டரிடம் மட்டும்தான் போகவேண்டும். ஆனால் தாழ்வாரத்தில் காத்திருந்த அந்தப் பெண்ணின் மாமியாரிடம் வார்டு ஆயா நல்ல சேதி சொல்வதாக நினைத்துச் சொல்லிவிட்டிருந்தாள். அந்த மாமியார் மருமகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார். இசக்கியம்மாள், இருபது இருபத்திரண்டு வயது, தாராவி. மாதவிலக்கு நின்று சில மாதமாகிறது, வயிறு லேசாக உப்பியிருக்கிறது. அவள் புருஷன் தோல் கிடங்கில் வேலை பார்த்தவன். காசநோய் வந்து, போன தீபாவளிக்கு முன்பே ஊருக்கு வெளியே உள்ள சானடோரியத்துக்குப் போனவன், இன்னும் வீடு திரும்பவில்லை.

எங்கள் தேரை என்ன சொல்லிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

"உனக்குத் தமிழ் தெரியும். போ" என்றார் பாயி. "நாளைக் காலை அந்தப் பெண் திரும்ப வரவேண்டும். தப்பு எங்கள் தேரைமேல் என்று சொல். என் பெயரைச் சொல்."

தாராவியில் விலாசம் கண்டுபிடிப்பது அப்போதும் பெரும்பாடு. தோல் ஊறவைக்கும் நாற்றம், மழைச்சேறு. திருநெல்வேலிக்காரர்கள் இருந்த சந்தில் கேட்டுக் கேட்டுப் போனேன். ஒற்றை அறை. நடுவில் ஒரு டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. மாமியார் பேச்சியம்மாள் அதில் புடவைகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள்தான் இசக்கி. அவள் தட்டும் தம்ளரும் தனியாக வாசற்படியில் வைக்கப்பட்டிருந்தன.

"ஆஸ்பத்திரியிலேருந்து வரேன். மாட்டுங்காவுல இருக்கேன், தமிழ்தான்" என்றேன்.

"வாங்க. அதான் சொல்லியாச்சுல்லா? இன்னும் என்ன மிச்சமிருக்கு?" பேச்சியம்மாள் நிமிரவில்லை. "நாளைக்கு மெட்ராஸ் மெயில்ல இவள அனுப்புதேன். இவ அப்பன் வந்து கூட்டிட்டுப் போவட்டும். எம் மவன் அங்ஙன இருமிக்கிட்டுக் கெடக்கான். இவ இங்ஙன..."

"அம்மா, அந்த முடிவு தப்பு. எங்க பரிசோதனையில தப்பு நடந்துபோச்சு. இந்தப் பொண்ணு மேல தப்பில்லை."

"தவளையே சொல்லிட்டு. நீங்க என்ன புதுசாச் சொல்லுதீங்க?"

"அந்தத் தேரை ஏற்கெனவே ஜோடி சேர்ந்தது. அதனாலதான் காட்டித்து. வேற தேரையில பார்க்கணும்."

அவள் கையிலிருந்த புடவையைப் பெட்டிக்குள் எறிந்தாள். "நல்லாருக்கே கத! இன்னிக்கு ஒரு தவள உண்டுங்கும், நாளைக்கு ஒரு தவள இல்லைங்கும். எந்தத் தவளைய நாங்க நம்ப? சந்து பூரா சிரிச்சாச்சு. நீங்க மாட்டுங்காவுல போய் இருந்துக்கிடுவீங்க. நாங்கல்லா இங்ஙன தல காட்டணும்?"

நியாயமான கேள்வி. நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அப்போது மூலையிலிருந்து குரல் வந்தது. சுவரைப் பார்த்தபடியே இசக்கி பேசினாள். "அத்தை, நான் செத்தாலும் பரவால்ல. ரயிலுக்கு முந்தி ஒரு வாட்டி கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா அவுகளுக்கு யாரு போய்ச் சொல்லுவா, நான் அப்படி இல்லைன்னு?"

பேச்சியம்மாள் பெட்டியின் மூடியைச் சாத்தினாள். பிறகு, "வாரோம். ஆனா நாங் கண்ணால பாக்கணும். ஆயா சொன்னா, டாக்டர் சொன்னான்னு இனி எவ சொன்னாலும் நாங் கேக்க மாட்டேன்" என்றாள்.

இதைப் பாயியிடம் சொன்னபோது அவர் முகத்தில் அன்று முதல் தடவையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "சரியான ஆள்" என்றார்.

சுத்தமான ஆண் தேரைகள் வேண்டும். மழையில் நனைந்தது எதுவும் உதவாது. மாடிப்படிக்கு அடியில் சாமான் அறையில் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. கோடையில் பிடித்த தேரைகள் சிலதை அங்கே காய்ந்த மணலில் தனியாக வைத்திருந்தோம். அவற்றுக்கு மழைச்சத்தம்கூடச் சரியாகக் கேட்டிருக்காது. அத்தனையையும் பாயி தானே எடுத்து, கண்ணாடிக் குழாயால் ஒரு சொட்டு உறிஞ்சி, ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். என்னையும் பார்க்கவைத்தார், சாவந்தையும் பார்க்கவைத்தார். மூன்று பேரும் தெளிவு என்று சொன்னதை மட்டும்தான் எடுத்து வைத்தார். தளர்த்திய விதி அன்றோடு இறுகிவிட்டது. நான் ஓய்வு பெறும்வரை எந்த ஆய்வுக்கூடத்திலும் அதைத் தளர்த்த விடவில்லை.

மறுநாள் காலையில் இருவரும் வந்தார்கள். இசக்கியின் சிறுநீரைச் சுத்தமான தேரைகளுக்கு ஏற்றினோம். பாயி அதோடு நிறுத்தவில்லை. பிரசவ வார்டில் நிறைமாதமாக இருந்த ஒருத்தியிடம் கேட்டு வாங்கி, அதே தொட்டியில் இருந்த வேறு இரண்டு தேரைகளுக்கு ஏற்றினார். அன்று விடியற்காலை நான் குட்டையிலிருந்து கொண்டுவந்த ஒரு தேரைக்கு ஒன்றுமே ஏற்றவில்லை. எல்லாம் பேச்சியம்மாள் கண் முன்னால். எது எந்தச் சட்டியில் இருக்கிறது என்று அவளே கரித்துண்டால் கோடு போட்டு வைத்துக்கொண்டாள். யாரும் மாற்றிவிடக் கூடாது என்று அத்தனை நேரமும் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இசக்கி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் குட்டைத் தேரை. பாயி மைக்ராஸ்கோப்பைச் சரிசெய்து நகர்ந்துகொண்டார். "ஒரு கண்ணை மூடிண்டு இதுல பாருங்கோம்மா" என்றேன்.

"நெளியுதே... நூலு நூலா நெளியுது."

"அதுதான் 'உண்டு'ன்னு அர்த்தம்."

"இதுக்கு யாரு மூத்திரம் குத்துனது?"

"யாரோடதும் இல்லை. ஊசியே போடலை. நேரே குட்டையிலேருந்து வந்தது. நீங்கதானே கோடு போட்டு வெச்சேள்?"

அவள் கரிக்கோட்டைப் பார்த்தாள். மறுபடி குனிந்து பார்த்தாள். "அப்பம் இது யாருக்குப் பிள்ளைன்னு சொல்லுது?"

"யாருக்கும் இல்லை. மழை பெய்ஞ்சிருக்குன்னு மட்டும்தான் சொல்றது."

அடுத்து நிறைமாதக்காரியின் தேரைகள். இரண்டும் காட்டின. இந்தத் தொட்டித் தேரைகள் மந்தமில்லை, உள்ளதைச் சொல்லும் என்று அவளுக்குப் புரிந்தது. கடைசியாக இசக்கியின் தேரைகள். பாயி முதலில் பார்த்தார், பிறகு நான். தெளிந்த தண்ணீர். பேச்சியம்மாள் பார்த்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், மறு கண்ணை மூடிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"ஒண்ணையும் காணல" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மருமகளிடம் அவள் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. தாழ்வாரத்தில் டீ வாங்கிவந்து, பாதியைச் சாஸரில் ஊற்றி இசக்கி பக்கம் தள்ளினாள். "ஏட்டி, ஆறிப்போவும். குடி" என்றாள். இசக்கி குடித்தாள். குடித்துக்கொண்டே அழுதாள். நான் உள்ளே வந்து தொட்டிகளைக் கழுவுகிற சாக்கில் அழுதேன். சாவந்த் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

பாயி மட்டும் நின்றுகொண்டே இருந்தார். பிறகு நேரே டாக்டரம்மாவிடம் போய், "குழந்தை இல்லை என்றால் அந்த வயிற்றில் இருப்பது என்ன?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திரும்பப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். வயிற்றில் இருந்தது நீர். புருஷனின் நோய்தான், நுரையீரலை விட்டு வயிற்றில் இறங்கியிருந்தது. சிவப்பு நூல் தேரை சொன்னதை நம்பி அவளை ரயிலேற்றியிருந்தால், ஊரில் யாரும் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றே வார்டில் சேர்த்து ஊசியும் மாத்திரையும் ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை நான் போய்ப் பார்ப்பேன். பேச்சியம்மாள் தினமும் சோறு கொண்டுவருவாள், அன்று வாசற்படிக்குத் தள்ளிவைத்த அதே தட்டில்.

ஒரு நாள் இசக்கி கேட்டாள்: "அக்கா, அந்தச் செவப்பு நூல் தேரைய என்ன செஞ்சீங்க?" நூலை அவிழ்த்துக் குட்டையிலேயே விட்டுவிட்டேன் என்றேன். "நல்லதாப் போச்சு. அது மேல என்ன குத்தம், அது அது பாட்டுக்கு இருந்துச்சு" என்றாள்.

குட்டைக்கு அப்படி நல்லதாகப் போகவில்லை. அங்கே காலனி கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பாயி மனுவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினார். கூட நானும். வருஷா வருஷம் தேரைகள் இதே குட்டைக்குத்தான் வருகின்றன, பக்கத்தில் வேறு தண்ணீர் இருந்தாலும் போவதில்லை, நாங்கள் பார்த்திருக்கிறோம் என்று அவர் பொறுமையாகச் சொல்வார். ஓர் அதிகாரி சிரித்தார். "பாயி, மனுஷனுக்கே பம்பாயில் இடமில்லை. உங்களுக்குக் கொசுக்குட்டை வேணுமா?" தேரைக்குஞ்சு இருக்கிற குட்டையில் கொசுப்புழு எப்படிக் குறையும் என்று விளக்க ஆரம்பித்தார் பாயி. அதற்குள் அந்த அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜையைப் புரட்டிப் போட்டிருப்பேன். பாயி படியிறங்கும்போது, "அவர் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் கஷ்டம்" என்றார்.

அடுத்த வருஷம் முதல் மழை விழுந்தது. பழக்கதோஷம், முதல் வண்டியில் செம்பூர் போய் நின்றேன். கோடை முழுக்க லாரிகள் வந்து செம்மண்ணையும் செங்கல் உடைசலையும் கொட்டிக் குட்டையைத் தரையாக்கியிருந்தன. தூண்களுக்குக் கம்பி நட்டிருந்தார்கள். ஆனால் தேரைகள் வந்திருந்தன. தண்ணீர் இருந்த இடத்தில், வெறும் சேற்றுமேல் உட்கார்ந்து, ஆண் தேரைகள் தொண்டையை உப்பவைத்துக் கத்திக்கொண்டிருந்தன. லாரித் தடத்தில் பல நசுங்கிக் கிடந்தன. எனக்கு நடக்கவே பயமாக இருந்தது, எதையாவது மிதித்துவிடுவோமோ என்று.

"அக்கா!"

வாட்ச்மேனுக்குப் போட்ட தகரக் கொட்டகையிலிருந்து தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். இசக்கி. கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது. புருஷன் குணமாகி வந்துவிட்டானாம். தோல் கிடங்குத் தூசிக்கு இனி போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் இங்கே காவல் வேலை. குடியிருப்பும் இதுதான். பேச்சியம்மாள் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்துபோகிறாளாம்.

"ராத்திரியெல்லாம் வீட்டுக்குள்ள ஏறுதுக்கா. அவுக கம்ப எடுத்தாக. நாந்தான் விடல. பொய் சொன்னதும் அதான், அப்புறம் நெசத்தச் சொன்னதும் அதானே?"

"உடம்பு எப்படி இருக்கு இப்போ?"

"நல்லாத்தான் இருக்கு." சாக்கைச் சரிசெய்துகொண்டாள். "இனிமே தரிக்காதாம்க்கா. சீக்கு கர்ப்பப்பைய அரிச்சிட்டுதாம். டாக்டரம்மா சொல்லிட்டாக."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "அன்னைக்கு அந்தத் தேரை சொன்னது நெசமாவே இருந்திருக்கக் கூடாதான்னு சில நாளு தோணுது. தொரத்தி விட்டிருந்தாலும் ஒரு பிள்ளையோட போயிருப்பேம்லா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவளே கையை விடுவித்துக்கொண்டு, "இங்க வாங்க, ஒண்ணு காட்டுதேன்" என்று கூட்டிப் போனாள். கொட்டகைக்குப் பின்னால் கொத்தனார்கள் தண்ணீர் தேக்கும் செங்கல் தொட்டி. வேறு போக்கில்லாமல் தேரைகள் அதில் முட்டையிட்டிருந்தன. கயிறு கயிறாகத் தொட்டி முழுக்கக் கிடந்தது. "இந்தத் தண்ணிய யாரும் எடுக்கக் கூடாதுன்னு மேஸ்திரிகிட்ட சண்ட போட்டு வச்சிருக்கேன்" என்றவள் என் முகத்தைப் பார்த்தாள். "பொரிக்குமாக்கா?"

கையை விட்டுப் பார்த்தேன். தண்ணீரில் சிமெண்டுச் சட்டிகளைக் கழுவியிருந்தார்கள், அடியில் சாம்பல் நிறமாக வண்டல். முட்டைகள் பெரும்பாலும் வெளுத்துக் கொழகொழத்துப் போயிருந்தன. ஒவ்வொரு கயிறாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். கொட்டகைக் கூரையின் மழைத்தண்ணீர் நேராக விழுகிற மூலையில் மட்டும் ஒரு கயிறு இன்னும் கறுப்பாக, கெட்டியாக இருந்தது.

"வெள்ளையாப் போனதெல்லாம் போச்சு, இசக்கி" என்றேன். "இது ஒண்ணு உயிரோட இருக்கு. நல்ல தண்ணிக்கு மாத்தினா பொரிக்கும்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "பாத்துத்தான் சொல்லுதீங்களா? இல்ல, எனக்காகச் சொல்லுதீங்களா?"

"பார்த்துத்தான் சொல்றேன்."

அவள் உள்ளே ஓடிப்போய்க் குடிதண்ணீர்ப் பானையை எடுத்துவந்து, இருந்த குழாய்த் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு, கூரையிலிருந்து விழும் மழைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.